வேண்டா சீக்கிரம் வா

ஜூன் 11, புதன்

இன்றைய வெயிலில் ஐந்து ரதத்துக் கல் யானை கொஞ்சம் நகர்ந்து நிழலுக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். சாட்சிக்கு ஏசுபாதம் உண்டு. பக்கத்துக் கடை, சங்கும் சோழி மாலையும் விற்கிறவன். கேட்டால், "நான் யூடியூப் பாத்துகினு இருந்தேன் மச்சான், யானைய கவனிக்கல" என்பான். அவனுக்கு உலகத்தில் நடப்பது எல்லாம் யூடியூபில் நடந்தால்தான் நடந்த மாதிரி.

தொப்பி வியாபாரம் அமோகம். மாமல்லபுரத்துக்கு வருகிற தலைகளை எல்லாம் ஆளுகிற சக்கரவர்த்தி நான். இப்போது யாரும் தலையைப் பார்த்துத் தொப்பி வாங்குவதில்லை, படம் எங்கே போகப் போகிறது என்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். இன்ஸ்டாகிராமுக்குப் போகிற பெண் குடை அளவுக்குத் தொப்பி கேட்கும். போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கும், முகத்தைக் காட்டாது. ஃபேஸ்புக்குக்குப் போகிற குடும்பத் தலைவர் மனைவி, மக்கள், மச்சினி எல்லோரையும் உயரவாரியாக நிறுத்தி, பின்னால் கோயில் கோபுரம் முழுசாகத் தெரிகிறதா என்று கேட்பார். யூடியூப்காரன் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, என் கடை வாசலிலேயே நின்று "வணக்கம் மக்களே" என்று என் வியாபாரத்தை மறைப்பான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்காரர்கள் வாங்கவே மாட்டார்கள். போட்டுப் பார்த்து, படம் எடுத்து, "சைஸ் சேரல" என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.

சாயங்காலம் மதுராந்தகத்திலிருந்து கன்னியம்மாள் அக்கா போன். அவள் மகள் வைஷாலிக்கு ஒரு இடம் வந்திருக்கிறதாம். கருங்குழி. பையன் பேர் ரஞ்சித்குமார், ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. அப்பா திருவேங்கடம், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தரகர் நரசிம்மன் கொண்டு வந்த ஜாதகம். அப்பாவும் பையனும் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பையனின் அம்மா, தன் மகளின் பிரசவத்துக்குப் போயிருப்பதால் வரவில்லை.

"பொருத்தம்லாம் கீது. நீ ஒருவாட்டி விசாரிச்சிட்டு சொல்லுடா. ஆடி பொறக்கறதுக்குள்ள பதில் சொல்லணும்."

மாமா காலமான பிறகு இந்த மாதிரி வேலைக்கு அக்காவுக்கு நான் ஒருத்தன். தாய்மாமன் விசாரணை என்றால் லேசா? ஸ்காட்லாந்து போலீஸ் எங்கள் பரம்பரையிடம் வந்து பாடம் கேட்டுப் போனதாகச் சொல்வார்கள். யார் சொல்வார்கள்? நான்தான்.

ஜூன் 12, வியாழன்

முந்தி என்றால் பையன் ஊருக்குப் போய், சலூனில் முடி வெட்டிக்கொண்டு, வேண்டாத ஷேவிங் பண்ணிக்கொண்டு, மெதுவாகப் பேச்சைக் கொடுக்க வேண்டும். வைஷாலியின் பெரியப்பா மகளுக்கு விசாரிக்கப் போனபோது ஒரே நாளில் மூன்று சலூனில் உட்கார்ந்து, கடைசியில் மீசை போய்விட்டது. இப்போது எதற்கு அந்தப் பாடு. கடையில் உட்கார்ந்தபடியே விரலால் விசாரணை.

முதலில் லிங்க்ட்இன். அது ஆபீஸ்காரர்கள் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிற இடம் என்று கேள்வி. உள்ளே போக என் பதவியைக் கேட்டது. "தலைக்காப்புத் துறைத் தலைமை இயக்குநர்" என்று போட்டேன். உடனே இரண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். பையன் அங்கே இருக்கிறான். கோட்டு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு. தரத்துக்காகவே பிறந்தவன், குழுவை வழிநடத்துகிறவன் என்று இங்கிலீஷில் இருக்கிறது. பொய் என்று சொல்லமாட்டேன். நான் சொல்கிற அளவுக்குத்தான் அவனும் சொல்கிறான்.

அடுத்து இன்ஸ்டாகிராம். பூட்டு. ஒரு சின்ன வட்டத்துக்குள் முட்டுக்காடு படகில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தன். முதுகில் எந்தக் குறையும் இல்லை.

கடைசியாக என் சொந்த ராஜ்ஜியம், ஃபேஸ்புக். ஐயாயிரம் நண்பர்கள் எனக்கு. இதற்கு மேல் தாங்காது ஐயா என்று கம்பெனியே கைகூப்பிவிட்டது. தேடினேன், கிடைத்தான். ரஞ்சித்குமார், கருங்குழி, கூலிங் கிளாஸோடு காலேஜ் நாள் போட்டோ. பூட்டு கீட்டு எதுவும் இல்லை, வாசல் விரியத் திறந்து கிடக்கிறது.

என்ன பிள்ளை. விடியற்காலையிலேயே ரோஜாப்பூ போட்டு இனிய காலை வணக்கம். பிறகு முடக்கத்தான் தோசையும் மூட்டு வலியும். பிறகு அகவிலைப்படி எப்போது வரும் என்று ஒரு கேள்வி. இருபத்தெட்டு வயதில் மூட்டையும் பென்ஷனையும் பற்றி யோசிக்கிறவன் என் வைஷாலியைக் கண்கலங்க விடுவானா?

என் பெண்சாதி ஆராயியிடம் காட்டினேன். அவள் ஷேர்சாட்டில் சாமி படத்துக்கு நடுவில் இருந்து தலையைத் தூக்கி, "கெழவனாட்டம் கீறானே" என்றாள். முதிர்ச்சியைப் பார்த்தால் பெண்களுக்குப் பொறுப்பதில்லை.

ஜூன் 14, சனி

அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். கடைசியாக ஒரு பார்வை பார்ப்போம் என்று கீழே தள்ளினேன். ஏன் தள்ளினேன்?

அவன் நண்பர்களில் நித்யமல்லி என்று ஒரு பேர். முகம் இல்லை, ஒரு மல்லிகைப்பூ மட்டும். ஏதோ அரபு தேசத்தில் இருக்கிறாள். பேரீச்ச மரம், கண்ணாடிக் கட்டடம், பெரிய கடையின் நகரும் படிக்கட்டு, இப்படிப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே நம் ரஞ்சித்குமார் ஆஜர்.

"மரம் நல்லா கீது நீ எங்க"

"சாப்டியா"

"உன் கை ரசம் ஞாபகமா கீது"

"தூக்கமே வரல"

கை ரசம். யாருடைய கை ரசத்தை இவன் எப்போது சாப்பிட்டான்?

ஏசுபாதத்திடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மச்சான், இதுக்கு யூடியூப்லயே ஒரு வீடியோ கீது, வெளிநாட்டுப் பொம்பளைங்க பணம் புடுங்கறது" என்றான். இவனிடம் காட்டியது என் புத்தி.

ஜூன் 15, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம். பெண் பார்த்துவிட்டுப் போனதற்கு மறுநாள் அவளுக்கு எழுதியிருக்கிறான், எழுத்துக்கு எழுத்து இதுதான்:

"பொண்ணு வூட்ல பேசிட்டாங்க கல்யாணம் வேண்டா சீக்கிரம் வா நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடல"

ஜூன் 16, திங்கள்

அக்காவிடம் சொன்னேன். போனில் சொன்னேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். எனக்கு மெதுவாக எங்கே வருகிறது. ஒரு பூவைப் பார்த்தால் தோட்டம் என்பேன். அரபு தேசத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று ஆரம்பித்து, அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் என்று தொடர்ந்து, முடிக்கும்போது அங்கே குடும்பமே நடக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஒட்டகம் கூட வந்த ஞாபகம்.

அக்கா ஒட்டகம் வரைக்கும் கேட்டாள். கடைசியில், "கல்யாணம் வாணாம்னு அவனே எழுதிக்கிறானா? நீ பாத்தியா?"

"ரெண்டு கண்ணால பாத்தேன்கா."

"அப்போ வுடு. நரசிம்மனுக்கு சொல்லிடறேன்." போனை வைக்கப் போனவள், "இந்தப் பொண்ணு ஒரு வாரமா சிரிச்ச மூஞ்சியா கீதேன்னு பாத்துகினு இருந்தேன்டா" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எனக்குத் தொப்பி விற்க ஓடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வைஷாலிக்கு வழக்கம்போல வாட்ஸ்அப்பில் காலை வணக்கம். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. அது என்றைக்கும் ஒரு கட்டை விரலாவது போடும்.

ஜூன் 18, புதன்

ஆராயிக்கு நேற்றுத்தான் முழுக் கதையும் சொன்னேன். அவள் பேர்தான் ஆராயி, நான் செய்யாததை அவள் செய்கிறாள்.

"அந்தப் பையன்கிட்ட பேசினியா?"

"அவன் எழுதினதே கீதே."

"அவன் அப்பன்கிட்ட?"

"அவர்கிட்ட இன்னா கேக்கறது?"

"வைஷாலிகிட்ட?"

ஒரு தொப்பியை எடுத்துத் தூசி தட்டினேன்.

"யாருகிட்டயும் பேசாம யார விசாரிச்ச நீ? போனையா?"

இந்த மாதிரி ஒரு கேள்வியைப் பல்லவர் படை எதிர்கொண்டிருந்தால் காஞ்சிபுரம் அன்றைக்கே விழுந்திருக்கும்.

ஜூன் 19, வியாழன்

வைஷாலி கடைக்கு வந்தாள். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் பஸ் பிடித்து, நேராக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேப்பேன். ஏத்தாம எறக்காம சொல்லு. இன்னா பாத்த?"

அவள் அப்படிக் கேட்ட பிறகு எனக்கு அலங்காரம் எதுவும் வரவில்லை. பார்த்ததை மட்டும் சொன்னேன். அவள் சொன்னது: ஜாதகம் பொருந்தின நாளிலிருந்து அவனும் இவளும் இன்ஸ்டாகிராமில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அக்காவுக்குத் தெரியாது. திங்கட்கிழமை அக்கா விஷயத்தைச் சொன்னதும் இவள் அவன் அனுப்புகிற எதையும் திறக்கவில்லை. வந்து வந்து குவிந்திருக்கிறது.

"புடிச்சிருந்துச்சு மாமா. அதான் பேஜாரா கீது. எங்க பாத்த இதெல்லாம்?"

"ஃபேஸ்புக்லதான்."

"எதுல?"

"ஃபேஸ்புக்."

என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையிலிருந்து நேராகச் சிரிப்புக்குப் போகிற சிரிப்பு. ஏசுபாதம் யூடியூபை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான் என்றால் சரித்திரத்தில் எழுத வேண்டிய சிரிப்பு.

"மாமா. எங்க வயசுல எவன் மாமா ஃபேஸ்புக்ல கீறான்? எங்க ஆபீஸ்ல அதுக்கு அப்பாபுக்குன்னு பேரு."

"பேரு கீது, போட்டோ கீது. ரஞ்சித்குமார், கருங்குழி."

போனை வாங்கினாள். தள்ளினாள். முடக்கத்தான் தோசையைப் பார்த்தாள், ரோஜாப்பூவைப் பார்த்தாள், அகவிலைப்படியைப் பார்த்தாள்.

"இது அவரு இல்ல. அவருக்கு முடக்கத்தான்னா கீரையா காயான்னே தெரியாது. அவங்கப்பா கண்டக்டரா இருந்தவரு மாமா. பென்ஷன் வாங்கறவரு. காலேஜ்ல தொறந்த அக்கவுண்ட இவரு வுட்டுட்டாரு, அவரு புடிச்சிகினாரு. எங்க வூட்டுப் பக்கம் பாதி அப்பாங்க புள்ள பேர்லதான் சுத்திகினு கீறாங்க."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு தேர் இறங்கிப் போனது. இரண்டே நிமிஷம். மூன்றாம் நிமிஷம் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

எழுதினது அப்பா என்றால், நித்யமல்லி யார்?

"பொண்டாட்டி ஊர்ல இல்லாத நேரத்துல," என்று ஆரம்பித்தேன்.

"மாமா, வேணாம்."

"கை ரசம்னு வேற எழுதிக்கிறாரு."

"அப்பா இப்படின்னா அந்த வூட்டுக்கு எங்கம்மா அனுப்புமா?" அவள் சிரிப்பு போய்விட்டது. "அவருகிட்ட நான் எப்படி மாமா கேக்கறது, உங்கப்பா யாருக்கோ எழுதறாருன்னு. அம்மா செவ்வாக்கெழமையே நரசிம்மனுக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டுடுச்சு. இன்னேரம் அவங்க வூட்டுக்கும் போயிருக்கும்."

நாளைக்குக் கருங்குழி போகிறேன் என்றேன். பழைய முறைப்படி, காலால் நடந்து. மீசை போனாலும் பரவாயில்லை.

ஜூன் 20, வெள்ளி

எங்கே ஆரம்பிக்க. வந்து இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கி, சலூன் எதற்கும் போகாமல் நேராகத் திருவேங்கடம் வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்ததும் விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் கரண்டியோடு வந்து, "அடடே, பொண்ணு வூட்டு போட்டோல பாத்த தாய்மாமன்தான நீங்க? தொப்பிக் கடைதான? வாங்க வாங்க. அடுப்புல ரசம் கீது, எது ரசம் எது வெந்நீன்னு தெரில" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மறுப்பு இங்கே வந்து சேரவில்லை. நரசிம்மன் இன்னும் சொல்லவில்லையா, அல்லது இவர் நடிக்கிறாரா?

ரசத்தை ருசி பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வெந்நீர்தான்.

எப்படிப் பேச்செடுப்பது என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. வீடியோ கால். போனைக் காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில் கத்தினார்.

"வேண்டா. வேண்டா. கேக்குதா? வேண்டா."

யாரோ எதையோ விற்கிறார்கள், இவர் மறுக்கிறார் என்று நினைத்தேன். மறுக்கிறவர் ஏன் இத்தனை பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்?

"வேண்டா, யாரு வந்துகிறாங்க பாரு. பொண்ணோட தாய்மாமன்."

போனை என் பக்கம் திருப்பினார். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள். பின்னால் ஜன்னலில் பேரீச்ச மரம்.

"வணக்கங்க. நான் ரஞ்சித் அம்மா. பொண்ணு காயத்ரிக்குப் புள்ள பொறந்திருக்கான், அதான் மஸ்கட்லேர்ந்து வர முடில. தப்பா எடுத்துக்காதீங்க. அவரு எதுனா துன்னக் குடுத்தாரா? குடுத்தா துன்னாதீங்க."

பிரசவத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றால் பக்கத்தில் அச்சிறுப்பாக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். மஸ்கட்டை யார் நினைத்தார்கள்.

"யம்மா, உங்க பேரு?" என்று கேட்டேன். 

"வேண்டாதான்," என்றார் திருவேங்கடம். "நாலாவதும் பொண்ணாப் போச்சுன்னு எங்க மாமனாரு வச்ச பேரு. அதுக்குப் பெறகும் ரெண்டு பொண்ணு."

"ஃபேஸ்புக்ல..."

"அதுலயா?" அந்த அம்மாள் சிரித்தார்கள். "பொம்பளைங்க சொந்தப் பேரு, சொந்த மூஞ்சி போடக்கூடாதுன்னு காயத்ரி சொல்லிச்சு. வேற பேரு வச்சுக்கோன்னுச்சு. ஒரு நாள் பூரா யோசிச்சு நித்யமல்லின்னு வச்சுகினேன். நல்லா கீதா?"

நல்லா கீதுங்க என்றேன். உலகத்திலேயே நல்ல பேர் என்றேன். இதில் ஒரு குந்துமணி மிகை கிடையாது.

திருவேங்கடம் சொன்னது: மகன் புதுப் போன் வாங்கினதும் பழையதை இவருக்குக் கொடுத்தான். ஃபேஸ்புக் அதில் மகன் பேரிலேயே இருந்தது. மாற்றத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் மனைவிக்கு எழுதினால் மகளும் மருமகனும் சேர்ந்து பார்க்கிறார்கள், கூச்சமாக இருக்கிறது. ஃபேஸ்புக்கில் படத்துக்குக் கீழே எழுதினால் அவள் மட்டும்தானே பார்ப்பாள்.

"ஆமாங்க," என்றேன். "அவங்க மட்டுந்தான்."

அந்த வாக்கியத்தை மறுபடி மனசுக்குள் படித்தேன். பொண்ணு வூட்ல பேசிட்டாங்க கல்யாணம். வேண்டா, சீக்கிரம் வா. ஒரு புள்ளியும் ஒரு கமாவும் இருந்திருந்தால் என் அக்கா மகள் மூன்று நாள் அழுதிருக்கமாட்டாள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எங்கள் பக்கத்தில் எவன் வாயிலும் வேண்டா என்று வராது. வேணாம், வாணாம், அவ்வளவுதான். வேண்டா என்று படித்தபோதே அது ஒரு ஆள் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். பஸ் ஏறினதும் வைஷாலிக்குப் போன் செய்து ஒரே மூச்சில் சொன்னேன். 

"இருக்கியாம்மா?"

"இரு மாமா. அவரு அனுப்புனதெல்லாம் தொறந்துகினு கீறேன்."

ஜூன் 21, சனி

மதுராந்தகம். அக்காவிடம் நேரிலேயே சொல்ல வேண்டும் என்று ஆராயியையும் அழைத்துக்கொண்டு போனேன். நான் ஏற்றிச் சொல்லாமல் இருக்க அவள் காவல்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, நரசிம்மனுக்கு அனுப்பிட்டனேடா. இப்ப இன்னா மூஞ்சிய வச்சிகினு இல்லன்றது?"

"காட்டு."

காட்டினாள். அவசரத்தில் தட்டியதில் கடைசி ம் விழவில்லை. இப்படி இருந்தது: "கருங்குழி இடம் வேண்டா சொல்லிடுங்க."

அதற்கு நரசிம்மன் பதில்: "சரிங்கம்மா. அவங்க ஊர்லேர்ந்து வந்ததும் சொல்லிடறேன்."

"எவங்க வந்ததும்னு எனக்குப் புரியல," என்றாள் அக்கா. "கேக்கவும் மனசு வரல."

நான் ஒரு தடவை படித்தேன். ஆராயி ஒரு தடவை படித்தாள். இருபது வருஷமாகக் கருங்குழி வீடுகளுக்கு ஏறி இறங்குகிற தரகர். அவருக்கு வேண்டா என்றால் திருவேங்கடம் பெண்சாதி, வேறு அர்த்தமே கிடையாது. விஷயத்தை அந்த அம்மாளிடம் சொல்லச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, மஸ்கட்டிலிருந்து வரட்டும் என்று நிம்மதியாக இருக்கிறார் மனுஷன்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் கோடையில் மதுராந்தகம் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்திருக்கும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேய், அவருக்குப் போன் போட்டு சம்மதம்னு வாயால சொல்லு. எழுதாத" என்றாள்.

வாயால் சொன்னேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை.

ஜூன் 22, ஞாயிறு

வைஷாலியின் வாட்ஸ்அப் கட்டை விரல் திரும்ப வந்துவிட்டது. ராத்திரி நான் தூங்கின தூக்கத்தில் கல் யானை வந்து எழுப்பியிருந்தாலும் எழுந்திருக்கமாட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூ வைத்தாகிவிட்டது. ஆடிக்கு முன்னால் முடிந்ததில் அக்காவுக்கு ஒரு சுற்று உடம்பு பூரித்துவிட்டது. ஆவணியில் கல்யாணம்.

வேண்டா அம்மாள் மஸ்கட்டிலிருந்து வந்துவிட்டார்கள். நேரில் இன்னும் சின்ன உருவம், குரல் மட்டும் பெரிசு. அவர்களிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒட்டகம் உட்பட. பக்கத்திலிருந்த திருவேங்கடத்துக்கு, தான் எழுதியதை ஊரே படிக்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. காது வரைக்கும் சிவந்து, எழுந்து பந்திக்கு இலை போடப் போய்விட்டார். அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"பொறந்ததுலேர்ந்து இந்தப் பேரு எல்லாத்தையும் வாணாம் வாணாம்னுதான் சொல்லிகினு இருந்துச்சு. இப்பதான் ஒண்ண சேத்து வச்சுக்கிது."

பத்திரிகைக்கு வாசகம் எழுதும்போது நரசிம்மன் பேனாவை நிறுத்தி, "அம்மா பேரு எப்படிப் போடறது?" என்று கேட்டார். நித்யமல்லி என்றே போடலாமே என்றாள் வைஷாலி. எல்லோரும் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தோம்.

"அத்த, நான் சும்மா சொன்னேன்," என்றாள் வைஷாலி.

"நீ நல்லாத்தான் சொன்ன, கண்ணு. ஆனா பத்திரிகை அக்கா தங்கச்சிங்க வூட்டுக்கெல்லாம் போவும். நித்யமல்லின்னா எவளோன்னு தேடுவாங்க. வேண்டான்னே போடு. அது என் மேல தூக்கிப் போட்டது. நித்யமல்லி நான் எனக்கு வாங்கிகினது, அத எல்லாருக்கும் குடுக்க முடியாது."

நரசிம்மன் எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முற்றுப்புள்ளி, கமா எல்லாம் எண்ணிப் பார்த்தேன்.

மாப்பிள்ளை ரஞ்சித்குமார் நல்ல பையன். அமைதி. போட்டோவில் முதுகைக் காட்டினதுக்கு நேரில் முகமும் லட்சணம். அவன் என்னிடம் தனியாக, "ஃபேஸ்புக் பாஸ்வேர்ட் எனக்கே மறந்து போச்சு மாமா" என்றான்.

செப்டம்பர் 4, வியாழன்

கல்யாணம். உட்கார நேரமில்லை. தேவர்கள் மேலிருந்து பூ தூவினார்கள், ஃபேன் காற்றில் திரும்ப மேலே போய்விட்டது. மற்றதை நாளைக்கு.

செப்டம்பர் 21, ஞாயிறு

மற்றதை எழுதவே இல்லை. சந்தோஷமாக இருக்கிறபோது எவன் நாட்குறிப்பு எழுதுகிறான்.

இன்று இரண்டு குடும்பமும் மாமல்லபுரம் வந்தார்கள். புரட்டாசி என்பதால் மீன் கிடையாது, ஏசுபாதத்துக்கு எங்களைப் பார்த்து ஒரே இரக்கம். சாப்பாடு முடிந்து கடற்கரைக் கோயில் பக்கம் போனோம். அக்காவும் ஆராயியும் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். வைஷாலியும் மாப்பிள்ளையும் தண்ணீர் ஓரமாகப் போய், போனை மணலில் ஒரு செருப்பின் மேல் சாய்த்து வைத்து, ஓடி வருவதும் திரும்பப் போய்ப் பார்ப்பதுமாக இருந்தார்கள். சரியாக வரவில்லை போலிருக்கிறது, சிரித்துச் சிரித்து மறுபடி ஓடினார்கள்.

திருவேங்கடம் சம்பந்தி கோயிலைப் படம் எடுக்கப் போனார். வேண்டா அம்மாள், "கோயிலு எங்கயும் ஓடாது, என்ன எடு" என்று முன்னால் வந்து நின்றார்கள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சமும் சிரிக்காமல், நேராகப் பார்த்தபடி. அவர் எடுத்தார். அந்த அம்மாள் போனை வாங்கித் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, என்னிடம் நீட்டி, "சம்பந்தி, பூவ எடுத்துட்டு இத எப்படி வைக்கறது?" என்று கேட்டார்கள். வைத்துக் கொடுத்தேன். நித்யமல்லி என்ற பேருக்கு மேல் இப்போது ஒரு முகம் இருக்கிறது.

நான் லைக் மட்டும் போட்டேன். எழுத வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

திருவேங்கடம் மனைவிக்கு ஒரு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, ஒற்றை விரலால் ரொம்ப நேரம் தட்டினார். என் போனில் அந்தப் படத்துக்குக் கீழே விழுந்தது: "நல்லா கீற."

கீழே அலை ஓரத்தில் இளசுகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது தெரியப் போவதில்லை. அவர்கள் ஃபேஸ்புக் பக்கம் வருவதே இல்லை.